எல்லோருக்கும் பதில்

ஜூலை 9, வியாழக்கிழமை. எழுந்தது 5.20. வாசல் தெளித்தது 5.35. பால் பாக்கெட் இரண்டு. ஒன்று ஓரத்தில் கசிந்திருந்ததால் அதை முதலில் காய்ச்சினேன். சாரல் லேசாக இருந்தது, கொடியிலிருந்து துணியை எடுக்கும் அளவுக்கு இல்லை. வீட்டுக்காரருக்கு வார ஓய்வு, 7.10க்கு எழுந்தார். 8.00 இட்லி, தக்காளிச் சட்னி. 9.15 மடிக்கணினியைத் திறந்தேன். 2.10 மானம் போயிற்று.

என் டைரியில் அந்தப் பக்கம் இப்படியேதான் இருக்கிறது. ஆண்டை மட்டும் இங்கே எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்கி, அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு ஆசிரியருக்கு அனுப்புகிறவர்.

என் பெயர் இருந்த இடம்

கம்ப்யூட்டருக்குள் எல்லாச் சாமான்களுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் அடிமட்ட நிரலுக்கு கெர்னல் என்று பெயர். லினக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் கெர்னலை யாரும் திறந்து படிக்கலாம். திருத்தம் எழுதி அனுப்பலாம். அனுப்பியதை உலகத்தில் இருக்கிற எவரும் குறை சொல்லலாம். மூன்றாவதாகச் சொன்னதுதான் அதிகமாக நடக்கிறது.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கே திரும்பிய வருடம், அந்தக் கெர்னலுக்கு ஒரு டிரைவர் எழுதினேன். டிரைவர் என்றால் ஒரு குறிப்பிட்ட சாமானோடு மட்டும் பேசத் தெரிந்த துண்டு நிரல். என் சாமான், குற்றாலத்தில் மசூது அண்ணன் நடத்தும் லாட்ஜின் வாசலில் தொங்குகிற விளக்குப் பலகை.

மசூது அண்ணன் வளைகுடாவில் இருபது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கம்பெனியில் கழித்துப் போட்ட பலகையைக் கம்பளியில் சுற்றி விமானத்தில் கொண்டுவந்தார். பலகையைத் தயாரித்த கம்பெனி மூடிப்போயிருந்தது. எந்தக் கம்ப்யூட்டருக்கும் அதனோடு பேசத் தெரியவில்லை. மூன்று மாதம் அவருடைய வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து அதற்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தேன். அன்றிலிருந்து 'மெயினருவி: குளிக்கலாம்', 'மெயினருவி: தடை' என்று அது மாறி மாறிச் சொல்லி வருகிறது. தலையில் எண்ணெய் வழிய நிற்கிறவர்களுக்கு அதைவிட முக்கியமான செய்தி கிடையாது.

டிரைவரைக் கெர்னலில் சேர்த்துக்கொண்டார்கள். பராமரிப்பாளர் பட்டியல் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று போட்டிருக்கும். என் டிரைவருக்கு நேரே என் பெயர். என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை எழுத்து மாற்றி அச்சடித்திருந்தார்கள். ரேஷன் கார்டிலும் பிழை. பிழையில்லாமல் அச்சான ஒரே இடம் அதுதான்.

அங்கே நடக்கும் சண்டைகள்

இந்தக் கூட்டத்தார் கூடிப் பேசுவது மின்னஞ்சலில். ஒருவர் எழுதுவது ஆயிரக்கணக்கானோருக்குப் போகும். யாரும் பார்க்கக்கூடிய இணையப் பெட்டகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அழிக்க வழியே இல்லை.

சண்டைகளின் தரம் பற்றி ஒரு வார்த்தை. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி எத்தனை அகலம் இருக்கவேண்டும் என்று ஒருமுறை ஒன்பது நாள் நடந்தது. ஒரு வரி எண்பது எழுத்தைத் தாண்டலாமா என்று இன்னொன்று. அதற்கு என் டைரியில் இரண்டு பக்கம் செலவாயிற்று. பல்லாண்டாக ஒரே நிரல்மொழியில் எழுதிவந்த இடத்தில் புதுமொழி ஒன்றை உள்ளே விடலாமா என்பது இன்றைக்கும் ஓயவில்லை. இரண்டு தரப்பையும் ஒரே கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார வைத்தால் பாயசம் முழுக்க மிஞ்சிவிடும்.

பழைய அருவியா, ஐந்தருவியா, எது உசத்தி என்று எங்கள் ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால் எனக்கு இதெல்லாம் பழக்கமாகவே இருந்தது. என் வீட்டுக்குள் வரும்வரை.

துடைப்பக்காரர்

அந்த ஜூன் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் குளிரான வடதேசம் ஒன்றில் இருக்கிறவர், என் பகுதிக்கு மேலதிகாரி மாதிரி. யாரும் பயன்படுத்தாத பழைய டிரைவர்களைத் தேடிப்பிடித்து நீக்குவது அவருக்குப் பிடித்த வேலை. நீக்கப்போகும் பட்டியலில் பதினோராவதாக என் டிரைவர்.

"பயனர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பேசவும். பராமரிப்பாளர் தானே பேசுவது கணக்கில் சேராது."

டிரைவர் போனால் அதற்கு நேரே இருக்கும் பெயரும் போய்விடும். டைரியில் அன்றைக்கு 'தலைவலி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மறுநாளே குற்றாலத்துக்குப் போய் மசூது அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன தங்கச்சி? நம்ம போர்டு ஓடுதுன்னு ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சுது. நான் போடாத லெட்டரா? அரபியில வந்த லெட்டருக்கே பதில் போட்டவன்."

"சும்மா போடக் கூடாது அண்ணன். அவங்களுக்குன்னு முறை இருக்கு."

"முறை இருக்குன்னா இன்னும் நல்லது. முறையை எழுதித் தாங்க. அப்புறம் பாருங்க."

எழுதித் தந்தேன். இந்த இடத்தில்தான் நான் என் குழியை என் கையெழுத்திலேயே வெட்டினேன்.

ஏழு விதிகள்

அட்டையில் ஏழு விதிகள் எழுதி, தென்காசியில் கொடுத்து லாமினேஷனும் செய்தேன். கடிதத்தில் நிறமோ அலங்காரமோ கூடாது என்பது முதல் விதி. படம் கூடாது என்பது இரண்டாவது. வரியின் கடைசியில் தேவையற்ற வெற்றிடம் விடக்கூடாது என்பது மூன்றாவது; அங்கே அது பெரிய அசிங்கம்.

மீதியில் மூன்றை அப்படியே தருகிறேன்.

நான்கு: எல்லோருக்கும் பதில். பெறுநர் பட்டியலில் யாரையும் விடக்கூடாது. யாராவது விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்த்துக்கொள்ளவும்.

ஐந்து: மொத்தமாக மேலே எழுதக்கூடாது. அவர்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த வரிக்கான பதில்.

ஆறு: மற்றவர் எழுதியதை அழிக்கக்கூடாது.

ஏழாவது விதி, பொறுமை. அதை நான் எனக்கும் ஒரு அட்டை போட்டு வைத்திருக்கவேண்டும்.

அண்ணனின் கைபேசி அனுப்பிய முதல் மூன்று கடிதங்களை அந்தப் பக்கத்து இயந்திரம் திருப்பி அடித்தது. மூன்றிலும் அடியில் அருவிப் படமும், ரோஜா நிறத்தில் லாட்ஜ் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு வெறும் எழுத்து மட்டும் அனுப்பும் நிரல் ஒன்றை அவருடைய மேஜைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்தேன். அதிலிருந்து ஆங்கிலத்தில் அவருடைய கடிதம் உலகத்துக்குப் போனது. தமிழில் சொன்னால் இப்படி:

"ஐயா, மேற்படி டிரைவர் எமது லாட்ஜில் நல்ல நிலையில் உபயோகத்தில் உள்ளது. நீக்கவேண்டாம். ஆவன செய்யவும்."

துடைப்பக்காரரின் பதில் அந்த வியாழன் மதியம் 12.30க்கு வந்தது. "இந்த முகவரி இதற்குமுன் எதுவுமே எழுதியதில்லை. டிரைவரைக் காப்பாற்ற ஆளைச் செட்டப் செய்வது புதிதல்ல. எந்தக் கெர்னல் பதிப்பு? பலகை எந்த நிலையில் இருக்கிறது? வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது?"

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் உண்மையான பதில் எனக்குப் பாதகமாக இருந்தது.

அண்ணனுக்கு மட்டும்

பெறுநர் பட்டியலில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராக நீக்கி, அண்ணனை மட்டும் வைத்துக்கொண்டு, தமிழில் ஐந்து வரி எழுதினேன். 12.52க்கு அனுப்பினேன். எலுமிச்சைச் சாதம் கிளறப் போய்விட்டேன்.

2.10க்குத் தட்டோடு வந்து உட்கார்ந்து பார்த்தபோது அண்ணனின் பதில் இருந்தது. எனக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். ஐந்தாம் விதிப்படி என் ஒவ்வொரு வரியும் அழியாமல், அதனதன் கீழே அவருடைய பதில்.

நான்: பதிப்பு எண்ணைச் சொல்லாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியில் இருப்பது ரொம்பப் பழசு. 'தற்போதையது' என்று பொதுவாகப் போடுங்கள்.

அவர்: நான் ஏற்கனவே பாத்துட்டேன் தங்கச்சி. முழு நம்பரும் கீழே குடுத்திருக்கேன். ஏத்தி நாலு வருசமாச்சு.

நான்: மூன்று விளக்கு எரியாததைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

அவர்: மூணு இல்ல, நாலு. போன வாரம் கடைசி வரிசையில இன்னொண்ணு போச்சு.

நான்: சீசன் இல்லாத எட்டு மாதமும் பலகை துணி போர்த்திக் கிடப்பது அவருக்குத் தெரியவேண்டாம்.

அவர்: எட்டு இல்ல, ஆறு. ஐயப்ப சாமிமார் வாற காலத்துக்கும் போடுதேன்லா.

நான்: அந்த மனுஷர் கையில் துடைப்பத்தோடு பிறந்தவர். அவரிடம் வளவளவென்று பேசாதீர்கள்.

அவர்: அப்படிச் சொல்லக் கூடாது. துடைப்பம் கேவலமான சாமானா? ஆள் வராத அன்னைக்கு லாட்ஜை நான்தான் பெருக்குதேன்.

நான்: படித்ததும் இதை அழித்துவிடுங்கள்.

அவர்: ஆறாம் விதிப்படி அழிக்கக் கூடாதுல்லா?

கடைசியில் ஒரு குறிப்பு: "நீங்க அவசரத்துல எல்லாரையும் விட்டுட்டிய. நாலாம் விதிப்படி நானே சேத்துட்டேன். கவலப்படாண்டாம்."

தமிழ்தானே, யாருக்குப் புரியப்போகிறது என்று ஒரு நிமிடம் தைரியமாக இருந்தேன். சரியாக ஒரு நிமிடம். 2.11க்கு, சிவகிரியில் பிறந்து எங்கேயோ அயல்நாட்டில் வேலை பார்க்கிறவராம், எனக்கு அதுவரை அறிமுகமே இல்லாத ஒருவர், "அனைவரின் வசதிக்காக" என்று முழுவதையும் ஆங்கிலத்தில் போட்டார். அடிக்குறிப்புகளோடு. தென்னந்துடைப்பம், பூந்துடைப்பம் என்று இருவகை உண்டு என்றும், இங்கே எது என்பது தெளிவாக இல்லை என்றும் ஒரு குறிப்பு. தங்கச்சி என்று அழைப்பதால் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று கொள்ளவேண்டியதில்லை என்று இன்னொன்று.

வீட்டுக்காரர் வீரகேரளம்புதூர் பக்கம் போலீஸ் ஏட்டு. என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்தார்.

"ஏட்டி, சாட்சிக்குச் சொல்லிக் குடுத்திருக்கியே."

"சும்மா இருங்க."

"இருபத்தாறு வருசம் சர்வீஸ்ல நானும் எத்தனையோ கேசைப் பாத்திருக்கேன். சொல்லிக் குடுத்ததைச் சாட்சியே கோர்ட்டுல வரிக்கு வரி வாசிச்சுக் காட்டி நான் பாத்ததில்ல." தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டார். "ஆளு யாரு? நம்ம மசூது அண்ணனா? நல்ல சாட்சி. மாத்திப் பேசவே மாட்டாரு."

லாட்ஜ் வாசலில்

2.40 டவுன் பஸ். ஜன்னலோரம் சாரல் அடித்தது. என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் எண் போட்டுக்கொண்டே போனேன். ஆறு கேள்வி சேர்ந்தது.

அண்ணன் வாசலில் நின்றார். பலகை 'மெயினருவி: தடை' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, மழையில வாரிய? பாத்தியளா பதிலை? எப்படி? ஏழு விதியும் டிக் அடிச்சுத்தான் அனுப்புனேன்."

அட்டை மேஜையில் இருந்தது. லாமினேஷன் மேல் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் பச்சை மார்க்கரில் ஒரு டிக்.

ஆறு கேள்வியையும் விட்டுவிட்டு அட்டையைப் படித்தேன். அவர் செய்ததில் தப்பு எது? தேடிப் பார்த்தேன். அட்டையில் இல்லை.

"அண்ணன், அது உங்களுக்கு மட்டும் எழுதுனது."

"எனக்கு மட்டுமா?" அவர் அட்டையை எடுத்துப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "எனக்கு மட்டும் எழுதலாம்னு இதுல இல்லியே?"

பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் சின்னதாகிவிட்டது. "அய்யய்யோ. உங்க பேரைல்லா கெடுத்துட்டேன்? போர்டும் போச்சா?"

"போர்டு ஓடும் அண்ணன். பழைய பெட்டியைத் தொடாம வச்சிருந்தா ஓடும். என் பேருதான்."

"போர்டு ஓடி என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் டீ வாங்கப் போனார். திரும்பிவந்தபோது டீயோடு மிளகாய் பஜ்ஜியும் இருந்தது. அது அவருடைய மன்னிப்பு.

தலைகீழ்ப் பலகை

3.35க்குத் துடைப்பக்காரரின் பதில் வந்தது. அவரும் வரிக்கு வரி எழுதியிருந்தார். இருவரும் ஒரே திரையில் தலையை நீட்டிப் படித்தோம். தமிழில் அதன் சாரம்:

"பதினைந்து வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். 'நான் பயன்படுத்துகிறேன்' என்று எழுதினவர்கள் பலர். எரியாத விளக்கு மூன்றல்ல, நான்கு என்று தன் தரப்பையே திருத்தினவர் இவர் ஒருவர்தான். இல்லாத ஆளுக்கு விளக்கு கெட்டுப்போகாது. நீக்கும் யோசனையைத் தள்ளிவைக்கிறேன்.

"துடைப்பம் பற்றிய தகவல் சரியானதே.

"இரண்டு நிபந்தனை. ஒன்று, புதிய கெர்னலில் ஓட்டிப் பார்த்து, சோதித்தவர் என்று இவருடைய பெயரைப் போடவேண்டும். இரண்டு, பராமரிப்பாளர் தன் பயனரிடம் பேசாதே என்று சொல்லும் பழக்கம் உள்ளவராகத் தெரிவதால், டிரைவருக்கு ஒரு மதிப்பாய்வாளர் தேவை. இவரையே முன்மொழிகிறேன். இனி இவர் சரி என்று சொல்லாமல் இந்த டிரைவரில் ஒரு வரி மாறாது."

அண்ணன் மூன்றாவது பத்தியை இரண்டு தரம் படித்தார். "அப்படின்னா என்னது தங்கச்சி?"

"நான் எழுதுறதை நீங்க பாத்துச் சரி சொல்லணும்."

"நான் சொல்லலேன்னா?"

"போகாது."

அவர் பச்சை மார்க்கரின் மூடியைத் திறந்தார், மூடினார்.

புது கெர்னலை ஏற்ற ஐம்பது நிமிடம். 5.05க்குப் பலகையைப் போட்டோம். எழுத்தெல்லாம் தலைகீழாக வந்தது.

வாசலில் துண்டோடு நின்ற ஒரு குடும்பம் மொத்தமும் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் படித்தது. "ஏங்க, குளிக்கலாமா, கூடாதா?" என்று அந்த அம்மா கேட்டார். "கூடாது, ஆனா தலைகீழா," என்றார் அவர் கணவர்.

தப்பு யாருடையது? மூன்று வருடத்துக்கு முன் அழகுபடுத்துகிறேன் என்று நானே மாற்றிய ஒரு வரி. பலகையில் ஓட்டிப் பார்க்காமல் வீட்டிலிருந்தே அனுப்பியது. அண்ணன் பெட்டியைப் புதுப்பிக்காமல் வைத்திருந்ததால்தான் மூன்று வருடமும் குற்றாலம் நிமிர்ந்து நின்று படித்திருக்கிறது. பயனர் யாரும் இல்லை என்று அந்த மனிதர் சந்தேகப்பட்டதில் என்ன பிழை? புதிய கெர்னலில் யாராவது ஓட்டியிருந்தால் எழுத்து தலைகீழ் என்று கத்தியிருப்பார்களே.

"இதையும் எல்லாருக்கும் சொல்லணுமா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். முதல் தடவையாக அவர் குரலில் ஒரு தயவு இருந்தது.

"சொல்லணும்."

"அட்டையில இல்லியே."

"இல்லாட்டாலும்."

அந்த ஒரு வரியைத் திருப்பிப் போட்டேன். எழுத்து நிமிர்ந்தது. 6.20க்கு, தப்பு என்னுடையது என்று தெளிவாக எழுதி, கண்டுபிடித்தவர் மசூது, சோதித்தவர் மசூது, மதிப்பாய்வாளர் மசூது என்று சேர்த்து அந்தத் திருத்தத்தை ஒப்புதலுக்கு அனுப்பினேன். எல்லோருக்கும். அனுப்புவதற்குமுன் எழுத்துப் பிசகுகளைப் பிடிக்க ஓட்டவேண்டிய சோதனை நிரலை அன்றைக்கு ஒரு நாள் ஓட்டவில்லை. கை அவசரப்பட்டது. பஸ்ஸில் வரும்போது 'தடை' எடுக்கப்பட்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை 5.20க்கு எழுந்தேன். அண்ணனின் கடிதம் 5.12க்கே வந்திருந்தது, விடியற்காலை பஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அம்புக்குறிச் சாவியைத் தட்டி ஒவ்வொரு வரியின் கடைசிக்கும் போய்ப் பார்த்தாராம்.

"தங்கச்சிக்கு, பதினேழாவது வரியின் கடைசியில் ஒரு வெற்றிடம் உள்ளது. மூன்றாம் விதி. இந்த நிலையில் சரி சொல்ல இயலாது. திருத்தி அனுப்பவும். ஆவன செய்யவும்."

பெறுநர் பட்டியலைப் பார்த்தேன். ஒருவரும் விட்டுப்போகவில்லை. துடைப்பக்காரர் இருந்தார், சிவகிரிக்காரர் இருந்தார், மற்ற ஆயிரக்கணக்கானோரும் இருந்தார்கள்.

வாசல் தெளிக்கவில்லை. பால் வெளியிலேயே கிடந்தது. முதல் வேலையாக அந்த வெற்றிடத்தை நீக்கி, சோதனை நிரலை இருமுறை ஓட்டி, 'இரண்டாம் பதிப்பு' என்று தலைப்பிட்டு, 5.31க்கு மசூது அண்ணனின் ஒப்புதலுக்கு அனுப்பினேன்.